கையை எடுத்ததும் நின்ற முள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மில்லிங் மெஷினுக்குக் கம்ப்யூட்டர் மாட்டுவதென்று இன்று முடிவாகிவிட்டது. முடிவெடுத்தவன் நான். ஒப்புக்கொண்டவன் கிட்டுசாமி. அவன் என் மனைவி வசந்தாமணியின் தம்பி. பட்டறையில் பாதிப் பங்கு அவனுடையது. வெளியே போய் ஆர்டர் பிடிப்பது அவன் வேலை. உள்ளே நின்று இரும்பைச் செதுக்குவது என் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக இந்த ஏற்பாடு குலையாமல் இருப்பதற்குக் காரணம், அவன் உள்ளே வருவதில்லை, நான் வெளியே போவதில்லை.

"எதுக்கு மாமா? இத வித்துப்போட்டு புதுசா ஒன்னு எடுத்துக்கலாமுங்க" என்றான்.

மெஷின் செக்கோஸ்லோவாகியாவில் செய்தது. அந்த நாடே இப்போது இல்லை, மெஷின் இருக்கிறது. ஒரு நாட்டைவிட உறுதியாகச் செய்யப்பட்ட பொருளை எடைக்குப் போடுவது நியாயமில்லை என்றேன். இதுபோல மொத்தம் பதினொரு காரணங்கள் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பன்னிரண்டாவது ஒன்று உண்டு. அவன் கேட்கவில்லை.

இதுவரை மூன்று கைச்சக்கரங்களைச் சுற்றித்தான், இரும்புத் துண்டை மாட்டும் டேபிளை நகர்த்திவந்தேன். இனி மோட்டார் நகர்த்தும். அதற்கு எண்களைச் சொன்னால் போதும், கை தேவைப்படாது. இதுதான் நவீனம் என்கிறார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒன்றைக் குறித்துவைக்கிறேன். இந்த மெஷினின் டேபிளில் ஒரு தழும்புகூடக் கிடையாது. எங்கள் ஆவாரம்பாளையம் சந்தில் எந்தப் பட்டறைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் டேபிளைத்தான் பார்ப்பார்கள், பெண் பார்க்கப் போனவர்கள் சமையலறையை எட்டிப் பார்ப்பதுபோல. டிரில் இறங்கிய குழி, கட்டர் உரசிய கோடு என்று செய்த தவறெல்லாம் அங்கே பதிந்திருக்கும். குழியைப் பார்த்தவர் வாயால் எதுவும் சொல்லமாட்டார். டீ குடித்துவிட்டு, வேலையை வேறிடத்தில் கொடுத்துவிடுவார். நம் டேபிளில் முகம் பார்க்கலாம். நான் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வசந்தாமணி இந்த டைரியைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, இதென்ன எறும்பு ஊர்ந்துபோன மாதிரி எழுதியிருக்கறீங்க? முன்னெல்லாம் கடை போர்டு எழுதறாப்பல இருக்குமே உங்க எழுத்து."

ஜனவரிப் பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு வரி. இப்போது முப்பத்தொன்று. பேப்பர் மிச்சம் என்றேன். உண்மைதான், இந்த வேகத்தில் இந்த வருட டைரி அடுத்த வருடத்துக்கும் வரும்.

அவினாசி ரோட்டில் ஒரு நரம்பு டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு டோக்கன் வாங்கிவிட்டாளாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. டீ டம்ளரைப் பாதிதான் நிரப்ப வேண்டும் என்று நான் கொஞ்ச காலமாகச் சொல்லிவருவதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கலாம்.

வேலை செய்யமுடியாமல் போன முதலாளிக்கு எங்கள் சந்தில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். வருகிறவர்களை "வாங்க" என்பதும், உள்ளே திரும்பி "டீ சொல்லுங்கப்பா" என்பதும் அவர் பொறுப்பு. லேத் பட்டறை சென்னியப்பனின் அண்ணன் அப்படி நான்கு வருடம் உட்கார்ந்திருந்தார். மரியாதைக்குக் குறைவில்லை. ஈயைக்கூட நாற்காலியின் மேல் உட்கார விடமாட்டார்கள். எனக்கு நாற்காலி ஆகாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

டாக்டரிடம் போக முடியவில்லை. மெஷினைப் பிரிக்கும் நாள்.

கன்ட்ரோலர் மாட்டித்தர பெனாசிர் என்று ஒரு பெண் வந்தாள். கரும்புக்கடைப் பகுதியில் வீடு, முப்பத்தைந்து வயதிருக்கும். பெரிய கம்பெனியில் பத்து வருடம் சர்வீஸ் பார்த்துவிட்டு, இப்போது தனியாகப் பழைய மெஷின்களுக்குப் புது மூளை வைத்துத் தருகிறாள். நம்முடையது அவளுக்கு மூன்றாவது. ஸ்கூட்டரில் முன்னால் மோட்டார், பின்னால் வயர் மூட்டை.

வந்ததும் அவளும் டேபிளைத்தான் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"ஒன்னுமே இல்லையேங்ணா! இத்தனை வருஷமா இதுல வேலை செஞ்சீங்களா, கும்பிட்டுட்டு இருந்தீங்களா?"

"ரெண்டும்தான்" என்றேன். சந்தில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

கைச்சக்கரங்கள் மூன்றையும் கழற்றினோம். பழைய இரும்புக் குவியலில் போட்டேன். கிட்டுசாமி அவற்றைத் திரும்ப எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தான். உணர்ச்சிவசப்படுகிற ஆள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

டேபிள் எவ்வளவு நேராக ஓடுகிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். கடிகாரம் மாதிரி இருக்கும். மணிக்குப் பதில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் காட்டும். ஸ்டாண்டின் கம்பியைப் பிடித்தபடி நான் முள்ளைப் படித்தேன். பெனாசிர் எழுதிக்கொண்டாள். எழுத எதுவும் கிடைக்கவில்லை, ஏனெனில் முள் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"பக்கத்துல குப்புராஜோட பவர் பிரஸ் ஓடுது. அந்த அதிர்வு" என்றேன்.

"குப்புராஜ் அண்ணன் ஏதோ விசேஷம்னு சாத்தீட்டுப் போயிட்டாருங்ணா."

"அப்ப லாரி ஏதாவது."

"இந்தச் சந்துல ஆட்டோவே ரிவர்ஸ்லதான் வருது."

பெனாசிர் நோட்டை மூடினாள்.

"கையை எடுங்கண்ணா" என்றாள்.

எடுத்தேன். முள் நின்றது.

"வைங்க."

வைத்தேன்.

"ஸ்டாண்டு பழசு" என்றேன்.

"ஆமாங்ணா. பழசு" என்றாள்.

மீதி அளவுகளை அவளே எடுத்தாள். புது ஸ்டாண்டு வாங்க நான் டவுனுக்குப் போய்விட்டேன். அதனால் இந்த வாரமும் டாக்டரிடம் போக முடியவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

டாக்டரிடம் போகவில்லை. காரணம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 30, சனி

கிட்டுசாமிக்கு வேண்டியவர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்காரவில்லை. சனிக்கிழமை விரதம் என்று சொல்லிவிட்டேன்.

"எப்பத்துல இருந்துங்க மாமா?" என்றான் கிட்டுசாமி. நான் கோயிலுக்குள் போய்ப் பதினாறு வருடமாகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

"இப்பத்துல இருந்து."

செய்தி மண்டபத்தில் பரவிவிட்டது. பெண்ணின் பெரியப்பா வந்து கையெடுத்துக் கும்பிட்டு, இந்தக் காலத்தில் இப்படிக் கட்டுப்பாடு யாருக்கு வரும் என்றார். ரசம் இலையைவிட வேட்டியில் அதிகம் விழும் என்ற ஒரே காரணத்தால் ஒரு மனிதன் பக்திமான் ஆக முடியும். புராணங்களில் இந்த வழி சொல்லப்படவில்லை. பசியோடு வந்து வீட்டில் ஸ்பூனால் தயிர்சாதம் சாப்பிட்டேன். வசந்தாமணி எதிரில் உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் இருப்பதில் அவளுக்குப் பெரிய பயிற்சி உண்டு.

செப்டம்பர் 6, சனி

டேபிளை நகர்த்தும் பழைய ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, உள்ளே குண்டுகள் உருளும் புது பால் ஸ்க்ரூ ஏற்றினோம். பழையதில் சக்கரத்தைக் கால் சுற்று சுற்றிய பிறகுதான் டேபிளுக்குச் செய்தி எட்டும். புதியதில் முடியளவு தாமதமும் இல்லை. தேய்ந்துபோன உறுப்பை மாற்றுவது மெஷினில் எவ்வளவு எளிது. நான்கு போல்ட்.

நான்காவது போல்டை மூன்று தடவை கீழே போட்டேன். இரண்டு தடவை பெனாசிர் எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது தடவை கொடுக்காமல் தானே மாட்டினாள். ஸ்பானரைத் திருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"எங்க அத்தாவுக்கும் ஸ்டாண்டு பழசாத்தான் இருந்துச்சுங்ணா. ரெண்டு வருஷம் யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் மாத்திரை ஆரம்பிச்சாங்க. சட்டை பட்டனை அவரே போட்டுக்கிட்டாரு."

மோட்டாருக்குப் போகும் பச்சை வயர் எதற்கு என்று கேட்டேன். எர்த் என்றாள். அது எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 10, புதன்

மெஷினுக்கு உயிர் வந்தது. ஆளில்லாமல் டேபிள் வலமும் இடமும் போய்வந்தது. கிட்டுசாமி வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினான்.

இரும்பில் கைவைப்பதற்கு முன் பேப்பரில் சோதனை. கட்டர் மாட்டும் இடத்தில் ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கட்டி, டேபிளில் வெள்ளைத் தாளை ஒட்டினாள் பெனாசிர். முதலில் ஒரு வட்டம் வரைந்தது. ஆரம்பித்த இடத்தில் சரியாக வந்து சேர்ந்தது. பிறகு, "உங்க பேரை எழுதட்டுங்களாண்ணா?" என்றாள். திருமூர்த்தி என்று எழுதியது. பெரிய எழுத்து. நெளிவில்லை.

அந்தத் தாளை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இந்த டைரியில் இவ்வருடத்தின் மிக நல்ல கையெழுத்து இதுதான்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று ஒன்று தெரிந்துகொண்டேன். இந்தக் கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும், ஆரம்பம் மட்டும் தெரியாது.

"துண்டு டேபிள்ல எங்க இருக்குதுன்னு அதுக்குத் தெரியாதுங்ணா. நீங்கதான் தொட்டுக் காட்டணும். இதுதான் பூஜ்யம்னு சொல்லிட்டீங்கன்னா அப்புறம் அதுபாட்டுக்கு ஓடும்."

தொட்டுக் காட்டுவதற்குக் கைக்கடக்கமாக ஒரு சிறு சக்கரம் கொடுத்தாள். ஒரு டிக் திருப்பினால் நூறில் ஒரு மில்லிமீட்டர். கட்டரை மெதுவாக டிக் டிக்கென்று துண்டின் கிட்டே கொண்டுபோய், உரசுகிற அந்த ஒரு டிக்கில் நிறுத்த வேண்டும். நான் திருப்பினேன். ஒரு டிக் போகவேண்டிய இடத்தில் நாலு போய், இரண்டு திரும்பி, மறுபடி மூன்று போனது. சட்டசபை நடக்கிற மாதிரி இருந்தது.

கை வேண்டாம் என்பதற்காகக் கம்ப்யூட்டர் மாட்டின மெஷின், முதல் வேலையாக என் கையைத்தான் கேட்கிறது.

கண்ணாடி மாற்ற வேண்டும், கட்டர் முனை சரியாகத் தெரியவில்லை என்றேன். "சரிங்ணா" என்று அவள் பூஜ்யம் வைத்துக் கொடுத்தாள்.

செப்டம்பர் 13, சனி

தீர்வு கண்டுபிடித்துவிட்டேன். டேபிளின் மூலையில் ஒரு தடுப்புக் கட்டையை போல்ட் போட்டு நிறுத்திவிட்டால், எல்லாத் துண்டும் அதன்மேல் சாய்ந்து ஒரே இடத்தில்தான் உட்காரும். பூஜ்யம் ஒரு தடவை வைத்தால் என்றைக்கும் அதுதான். பெனாசிர் கட்டையை நிறுத்தி, பூஜ்யத்தை வைத்து, "நல்ல யோசனைங்ணா" என்றாள். உண்மையிலேயே நல்ல யோசனை. பிழைப்பதற்காக மனிதன் கண்டுபிடிக்கும் யோசனைகள் பொதுவாக நன்றாகவே இருக்கின்றன.

இனி நான் செய்யவேண்டியது பட்டனை அழுத்துவது மட்டும். ஒரு பம்ப் கம்பெனிக்கு இருபது பிராக்கெட் மாதிரிக்குச் செய்து காட்ட வேண்டும். அவர்களுடைய ஆள் வந்து அளந்து சரியென்றால் இரண்டு வருடத்துக்கு வேலை நமக்கு. நான் நிற்க இடமும் இருக்கும்.

செப்டம்பர் 19, வெள்ளி

மூன்று பிராக்கெட் நன்றாக வந்தன. நான்காவதில் டிரில் இறங்கும் ஆழத்தை மாற்றவேண்டி வந்தது. ஐந்து மில்லிமீட்டர். அழுத்தினேன். ஸ்டார்ட் கொடுத்தேன்.

டிரில் ஐந்தைத் தாண்டியது. பிராக்கெட்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்தது. டேபிளுக்குள் இறங்கியது. பிறகு ஒடிந்தது. அதன் பிறகுதான் சிவப்புப் பட்டன் என் கைக்கு அகப்பட்டது. குழி, பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலம், பத்து மில்லிமீட்டர் ஆழம்.

சத்தம் கேட்டுக் கிட்டுசாமி உள்ளே ஓடிவந்தான். டேபிளைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மாமா ஆச்சு?"

"நான் அஞ்சு குடுத்தேன். அது அம்பத்தஞ்சு போயிருச்சு."

இரண்டு வாக்கியங்கள். இரண்டாவதில் சந்தேகமே இல்லை.

உடனே போன் போட்டான். "ஏம்மா பெனாசிரு, உம்பட டப்பா எங்க டேபிள ஓட்டை போட்டிருச்சு. இருவத்திரண்டு வருசமா எங்க மாமா கண்ணாட்டம் வெச்சிருந்த டேபிளு. அஞ்சுன்னா அம்பத்தஞ்சு போகுது! நாளைக்கு ஆள் கைமேல இறங்கிச்சுன்னா நீ பொறுப்பா?"

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உடைந்த டிரில் துண்டைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் தேடினேன்.

செப்டம்பர் 20, சனி

எங்கள் சந்தில் மின்சாரத்தைவிடச் செய்தி ஒழுங்காக வரும். டீக்கடையில் நான் போவதற்கு முன்பே விஷயம் உட்கார்ந்திருந்தது.

"அந்தப் பொண்ணு மாட்டின பொட்டி தப்பா ஓடுதாமா?" என்றார் லேத் சென்னியப்பன். தன் மெஷினுக்கும் கன்ட்ரோலர் மாட்ட அவளிடம் சொல்லிவைத்திருந்தார். குப்புராஜும் சொல்லிவைத்திருந்தார். இருவரும் வேண்டாமென்று நேற்றே போன் பண்ணிவிட்டார்கள்.

"திருமூர்த்தி கையிலயே அப்படி ஓடுதுன்னா, நம்ம கையில எப்படி ஓடும்?" என்றார் குப்புராஜ்.

டீ முழு டம்ளராகக் கொடுத்துவிட்டான். குடிக்காமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கிட்டுசாமி வெளியே போயிருந்த நேரம் பார்த்து பெனாசிர் வந்தாள். வழக்கமாகச் சொல்லும் வணக்கம் இல்லை. லேப்டாப்பைக் கன்ட்ரோலரில் செருகினாள்.

"இது எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கும்ணா. எந்தப் பட்டன எப்ப அழுத்தினோம்னு செகண்டோட."

திரையை என் பக்கம் திருப்பினாள்.

10:42:17 – 5
10:42:17 – 5

"ஒரே செகண்டுல ரெண்டு அஞ்சு" என்றாள். பிறகு மேலே மேலே தள்ளிக் காட்டினாள். எண், எண், அழி. எண், எண், எண், அழி, அழி. "பத்து நாள்ல நாப்பத்தொரு தடவை அழிச்சு அழிச்சு அடிச்சிருக்கீங்கண்ணா. இந்த ஒரு தடவைதான் அழிக்காம விட்டுட்டீங்க."

"கிட்டுசாமிக்கு அனுப்பிட்டியா?"

"இல்லீங்ணா."

"ஏன்?"

"கஸ்டமர் மேலதான் தப்புன்னு கம்ப்யூட்டர்ல நிரூபிச்சுக் காட்டின பொண்ணுக்கு அடுத்த கஸ்டமர் யார் வருவாங்க?" சிரித்தாள். சிரிப்பு என்று அதை வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். "பழைய கம்பெனியிலயே திரும்பக் கேட்டிருக்கேன். ஓசூர்ல போடறாங்களாம். பையன் இங்க ஆறாவது படிக்கறான். பார்க்கலாம்."

வயரைப் பிடுங்கிச் சுருட்டினாள். வாசல்வரை போய்த் திரும்பி, "பட்டன் ரெண்டு தடவை அமுங்கினா ஒன்னாவே எடுத்துக்கற மாதிரி செட்டிங் மாத்தீட்டேங்ணா. முன்னயே கேட்டிருந்தா முன்னயே பண்ணியிருப்பேன்" என்றாள்.

இங்கே இரண்டு டைரிகள் எழுதப்பட்டு வந்திருக்கின்றன. ஒன்றில் நடை இருக்கிறது, கிண்டல் இருக்கிறது, நாற்காலியைப் பற்றியும் புராணத்தைப் பற்றியும் அபிப்பிராயங்கள் இருக்கின்றன. மற்றதில் நடந்தது இருக்கிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

10:42:17 – 5. 10:42:17 – 5.

செப்டம்பர் 24, புதன்

காலையில் சென்னியப்பனையும் குப்புராஜையும் பட்டறைக்கு வரச்சொன்னேன். கிட்டுசாமியையும் உள்ளே கூப்பிட்டேன். மூவரும் முதலில் குழியைப் பார்த்தார்கள். பிறகு, பார்க்காததுபோலக் கூரையைப் பார்த்தார்கள்.

புது ஸ்டாண்டில் டயல் கேஜை மாட்டி, முனையை டேபிளில் தொடவைத்தேன். மாட்டுவதற்கு நேரமாயிற்று. யாரும் உதவிக்கு வரவில்லை. ஒருவர் பட்டறையில் இன்னொருவர் கைவைப்பதில்லை என்பது சந்தின் வழக்கம்.

"முள்ளைப் பாருங்க" என்றேன்.

முள் அசையாமல் நின்றது. வலது கையைக் கம்பியின் மேல் வைத்தேன். முள் துடித்தது. எடுத்தேன். நின்றது. வைத்தேன்.

முதலில் பேசியவர் குப்புராஜ். "நம்ம பிரஸ் அதிர்வா இருக்குமுங்க" என்றார்.

"பிரஸ்ஸ நிறுத்தீட்டுத்தானே வந்தீங்க?"

"ஆமாங்க" என்றார்.

சென்னியப்பன் குனிந்து முள்ளைப் படித்தார். "ஒரு நாலு பாயிண்ட் இருக்குமா?"

"ஆறு."

"எப்பவுமே ஆறா?"

"காலையில ஆறு. சாயங்காலம் ஒம்போது வரைக்கும் போகும்."

தலையை ஆட்டினார். ஸ்க்ரூவின் தேய்மானம் கேட்டால் எப்படி ஆட்டுவாரோ அப்படி.

"அஞ்ச நான்தான் ரெண்டு தடவை அழுத்தினேன். பொட்டி சொன்னதச் செஞ்சுது. அந்தப் பொண்ணு வேலையில ஒரு குத்தமும் இல்லை. டேபிள்ல இருக்கறது எம்பட குழி" என்றேன்.

கையைக் கம்பியிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது. கிட்டுசாமி வந்து எடுத்துவிட்டான்.

சென்னியப்பன் வெளியே போய் போன் பேசினார். "நாளைக்கு வந்து நம்ம லேத்தப் பாரும்மா" என்பது உள்ளே கேட்டது. குப்புராஜ் யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். இரண்டில் ஒன்று.

அவர்கள் போன பிறகு கிட்டுசாமி கேட்டான். "எத்தன நாளா மாமா?"

"போன தையில இருந்து."

"அப்ப, கம்ப்யூட்டர் மாட்டலாம்னு பதினொரு காரணம் சொன்னீங்களே..."

"இது பன்னெண்டாவது."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். "அந்தப் பொண்ண நான் என்ன பேச்சுப் பேசீட்டேன்" என்று மட்டும் சொன்னான். பிறகு மெயின் சுவிட்சை அணைத்தான். இருபத்திரண்டு வருடத்தில் அதை இன்னொரு கை அணைப்பது இதுவே முதல் தடவை.

செப்டம்பர் 25, வியாழன்

டாக்டரிடம் போனேன்.

வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, நத்தை ஓடுபோல ஒரு சுருள் வட்டம் வரையச் சொன்னார். "நடுவுல ஒரு புள்ளி வெச்சு அங்கிருந்து ஆரம்பிங்க" என்றார். பூஜ்யம் எங்கே என்று இங்கேயும் கேட்கிறார்கள். வரைந்தேன். பார்த்தால் மாவட்ட வரைபடம்போல இருந்தது. அதை அவர் ஃபைலில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

நோய்க்கு யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பெயர். கண்டுபிடித்தவருக்குப் புகழ், வைத்திருப்பவனுக்கு மாத்திரை, நாளைக்கு மூன்று.

"குணமாயிருமுங்களா?" என்று வசந்தாமணி கேட்டாள்.

"மெதுவாக்கலாம்மா" என்றார். நிறுத்தமுடியாத ஓட்டத்தை நாங்களும் அப்படித்தான் செய்வோம்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, "எட்டு டோக்கன் ஆச்சுங்க" என்றாள். எட்டு வியாழக்கிழமையும் அவள் காலையில் வந்து வாங்கிவைத்திருந்திருக்கிறாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் ஒவ்வொரு வருடமும் நான்தான் வைப்பேன். இந்த வருடம் வசந்தாமணியை வரச்சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் பட்டறைக்குள் வந்தது நான்கைந்து தடவை இருக்கும். டேபிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சந்தனத்தை வழித்துக் குழிக்குள் வைத்தாள்.

"வட்டமா இடம் போட்டே குடுத்திருக்கறீங்க" என்றாள்.

பம்ப் கம்பெனி ஆள் திங்கட்கிழமை வருகிறார். அவர் முதலில் எதைப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும். குழியை அடைத்துத் தேய்த்துவிடலாம் என்றான் கிட்டுசாமி. அடைத்தாலும் தெரியும், அடைத்ததும் சேர்ந்து தெரியும் என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

இந்தப் பக்கத்திலிருந்து எழுத்து வசந்தாமணியுடையது, சொற்கள் என்னுடையவை. எழுத்து பெரிதாக இருப்பதால் டைரி டிசம்பரோடு தீர்ந்துவிடும் என்று அவளிடம் சொன்னேன். அடுத்த வருசத்துக்கு வேற டைரி வாங்கிக்கலாமுங்க என்றாள். அதையும் எழுதிவிட்டாள்.

விஜயதசமி என்பதால் நல்ல நேரத்தில் மெஷினை ஓட்டினோம். மீதி பிராக்கெட்டுகளை முடித்தாக வேண்டும். கிட்டுசாமி முதல் தடவையாகச் சட்டையில் ஆயில் படும்படி நின்றான். கருங்கல் மாதிரி வளையாத கை. ஆனால் போல்டைக் கீழே போடவில்லை. சென்னியப்பன் பட்டறையிலிருந்து பெனாசிர் பத்து நிமிடம் வந்து பூஜ்யத்தைச் சரிபார்த்தாள். கிட்டுசாமி அவளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். "டீ சொல்லுங்கண்ணா, குடிச்சுட்டுப் போறேன்" என்று அவள் அதை முடித்துவிட்டாள். ஓசூரைப் பற்றி நான் கேட்கவில்லை. குப்புராஜ் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

எண்களை அழுத்த வசந்தாமணி. கல்யாணத்துக்கு முன் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். அந்தச் சான்றிதழ் பீரோவில் என் வேட்டிகளுக்கு அடியில் முப்பது வருடமாக இருக்கிறது.

பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. கிட்டுசாமி அதை வாசலில் போடாமல் மெஷினிலிருந்து மூன்றடி தள்ளிப் போட்டான். மூன்றடி என்பது அவனுடைய அன்பு. காலை முழுவதும் நின்றேன். பதினொரு மணிக்கு உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

நான்காவது பிராக்கெட் இருந்த இடத்தில் புதுத் துண்டு. டிரில் மேலே காத்திருந்தது.

"ஆழம் சொல்லுங்க."

"அஞ்சு."

அவள் விரல் பட்டனுக்கு மேலே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஒரு தடவைதானுங்களே?"

"ஒரு தடவைதான்" என்றேன்.